ஊரான் பிள்ளையும் தன் பிள்ளையும்
தனியார் சர்வதேச விடுதிப் பள்ளிகளில் ஆசிரியர் பணி: ஓர் ஆய்வு

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். முதுமக்கள் தாழிகளுக்குப் பேர்போன மேட்டுநிலப் பரம்பும், ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் வயல்களும் சேர்ந்த ஊர். இதைச் சுற்றியுள்ள ஸ்ரீவைகுண்டம், ஏரல், நாசரேத், சாயர்புரம் வட்டாரத்துக்கு இன்னொரு விளைச்சலும் உண்டு. இங்கே தெருவுக்கு நாலு வாத்தியார் வீடு இருக்கும். தாத்தா மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டர், அத்தை டீச்சர், அடுத்த தலைமுறை பி.எட். முடித்துவிட்டு வேலை தேடும்.

அரசுப் பணிக்கான தேர்வு எப்போது வரும் என்று தெரியாது. உள்ளூர்த் தனியார் பள்ளியில் கிடைக்கும் சம்பளம் பஸ் செலவு போக மிஞ்சுவதே சிரமம். அந்த நேரத்தில்தான் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பெங்களூருக்கு வெளியிலிருந்தோ ஒரு வேலைவாய்ப்பு வருகிறது. சர்வதேசப் பாடத்திட்டம், விடுதியோடு கூடிய பள்ளி, தங்குமிடமும் உணவும் இலவசம், உள்ளூரில் கிடைப்பதைவிடக் கூடுதல் சம்பளம். பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அங்கே காத்திருக்கும் வேலை எப்படிப்பட்டது? அது எங்கிருந்து வந்தது? சட்டம் அதற்கு என்ன காப்புத் தருகிறது? அதில் எது சரி, எதைத் திருத்த வேண்டும்? இந்த நான்கு கேள்விகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன். விடுதிப் பள்ளி ஆசிரியர் ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை பார்க்கிறார். ஒன்று கற்பித்தல், மற்றது பிள்ளை பேணல். முதலாவதற்குப் பட்டமும் பயிற்சியும் நேர அட்டவணையும் உண்டு. இரண்டாவதற்கு இவற்றில் எதுவும் பெரும்பாலும் இல்லை. அந்த இரண்டாவது வேலையைக் கண்ணுக்குத் தெரியும் வேலையாக ஆக்காதவரை முதல் வேலையும் நலிந்துகொண்டேதான் இருக்கும்.

போர்டிங்கின் இரண்டு வேர்கள்

தமிழ்நாட்டு விடுதிப் பள்ளிக்கு இரண்டு வேர்கள். ஒன்று இந்த வட்டாரத்துச் செம்மணல் தேரிக்காட்டில் ஊன்றியது. ராபர்ட் கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்தார். அவருடைய மனைவி எலைசா அங்கே பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளி நடத்தினார். தாமிரபரணிக்கு வடக்கே சாயர்புரத்தில் 1840களில் ஜி.யு.போப் பள்ளியையும் செமினரியையும் கட்டி எழுப்பினார். நாசரேத்தில் ஆர்தர் மர்காசிஸ் 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். பனையேறிகளின் பிள்ளைகளும், பெற்றோர் இல்லாத பிள்ளைகளும், வீட்டிலிருந்தால் படிப்பு தங்காது என்ற நிலையில் இருந்தவர்களும் அங்கே சேர்ந்தார்கள். இன்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் “நான் போர்டிங்ல படிச்சவன்” என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்த விடுதிகள் வறுமையிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுத்துப் படிக்கவைத்தன. அங்கே ஆசிரியர் ஊழியக்காரர். சம்பளம் குறைவு, நேரம் கணக்கில்லை. இறைப்பணி என்ற நம்பிக்கைதான் அந்த வேலையைத் தாங்கி நின்றது.

இரண்டாவது வேர் மலைமேல் ஊன்றியது. லவ்டேலில் லாரன்ஸ் பள்ளி 1858இல் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஹெப்ரான் பள்ளி 1899இல் குன்னூரில் பிறந்து பின்னாளில் ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. கொடைக்கானலில் 1901இல் ஹைகிளெர்க் என்ற பெயரில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி உருவானது. கீழே சமவெளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தியவர்கள், தங்கள் சொந்தப் பிள்ளைகளை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மேலே அனுப்பினார்கள்.

இந்த இரண்டு வேர்களும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்திக்கின்றன. சாயர்புரத்தில் கிராமத்துப் பையன்களுக்குப் பாடம் நடத்திய அதே போப், பின்னர் ஊட்டியில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதற்குப்பின் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் அவர்தான். கண்டிப்புக்குப் பெயர்போன அந்த ஆசிரியர் கீழும் மேலும் செய்தது ஒரே வேலை. ஆனால் கீழே இருந்த பள்ளி தருமத்தில் நடந்தது, மேலே இருந்த பள்ளி கட்டணத்தில் நடந்தது.

இன்றைய சர்வதேச விடுதிப் பள்ளி இரண்டாவது வேரின் கிளை. கொடைக்கானல் பள்ளி 1976இல், இந்தியாவிலேயே முதலாவதாக, ஐ.பி. எனப்படும் சர்வதேசப் பாக்கலரியேட் அமைப்பின் டிப்ளமா திட்டத்தை ஏற்றது. 1977இல் ஊட்டியில் குட் ஷெப்பர்ட் பள்ளி வந்தது. பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின்னர் இத்தகைய பள்ளிகள் நாடெங்கும் பெருகின. மிஷனரிப் பிள்ளைகள் இருந்த இடத்தில் தொழிலதிபர்களின் பிள்ளைகளும் வளைகுடாவில் வாழும் இந்தியரின் பிள்ளைகளும் வந்தார்கள். கட்டணம் லட்சங்களில் ஏறியது. ஆனால் ஆசிரியர் மீதான எதிர்பார்ப்பு மட்டும் முதல் வேரிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊழியக்காரரைப் போல நேரம் பாராமல் உழைக்க வேண்டும் என்கிறார்கள். பள்ளியோ வணிகக் கணக்கில் நடக்கிறது. இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் இன்றைய சிக்கல்கள் பெரும்பாலும் கிளம்புகின்றன.

பாடத்திட்டம் கேட்கும் உழைப்பு

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். கற்பிக்க விரும்புகிறவருக்கு இந்தப் பள்ளிகள் தரும் சுதந்திரம் பெரிது. வகுப்பில் இருபது பேருக்கு உட்பட்ட மாணவர்கள், நல்ல நூலகம், வேலை செய்யும் ஆய்வுக்கூடம், புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிக்கச் சொல்லாத தேர்வு.

1968இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐ.பி. அமைப்பின் டிப்ளமா படிப்பில் ஆறு பாடங்களோடு மூன்று கூறுகள் சேர்கின்றன. ‘ஒன்றை எப்படி அறிகிறோம்’ என்பதையே ஆராயும் அறிவுக் கோட்பாட்டுப் பாடம், 4,000 சொற்களுக்குள் மாணவர் தானே எழுதும் ஆய்வுக் கட்டுரை, படைப்பாக்கம், உடற்செயல்பாடு, சமூகப்பணி ஆகியவற்றில் ஈடுபாடு. இது மாணவரிடம் கேட்பதைவிட ஆசிரியரிடம் கேட்பது அதிகம். கேள்வியை வடிவமைக்கத் தெரிய வேண்டும். மாணவரின் ஆய்வை வழிநடத்த வேண்டும். அவருக்காக எழுதிக்கொடுத்துவிடவும் கூடாது.

இதன் பொருளை உணர ஆதிச்சநல்லூரையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். 1876இல் ஜெர்மானியர் யாகோர் இங்கே தோண்டி, கிடைத்த பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு வாள்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆளுயரத் தாழிகள். ஒரு நூற்றாண்டு கழித்து 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. இப்போது குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகள் புதைந்த இடத்திலேயே இருக்கும்படி காட்டுகிறார்கள். பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல் 3,000 ஆண்டுகளுக்கும் முந்தையது என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே சிவகளையின் இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைத் தொடுகிறது என்ற அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை இங்கே கூட்டிவரும் ஆசிரியர், தகவல்களை அடுக்கிச் சொல்லிவிட்டுப் பஸ் ஏற முடியாது. தாழிக்குள் இருந்த கரித்துண்டின் வயதும், அதனருகே கிடந்த இரும்பின் வயதும் ஒன்றுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கரிமக் கணிப்பு ஒரு தேதியும் ஒளிக் கணிப்பு இன்னொரு தேதியும் தந்தால் எதை ஏற்பது? யாகோர் கொண்டுபோனவை யாருக்குச் சொந்தம்? தாழிக்குள் கிடந்தவர்களின் மண்டையோட்டை அளந்து இனம் பிரித்த பழைய ஆய்வுகளை இன்று எப்படிப் படிப்பது? இப்படிக் கேட்கவைப்பதற்கு ஆசிரியர் ஒரு வாரமாவது படித்துத் தயாராக வேண்டும். திரும்பிப் போனபின் ஒவ்வொரு மாணவரின் குறிப்பையும் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். நன்றாகச் செய்தால், ஓர் ஆசிரியருக்கு இதைவிட நிறைவான வேலை கிடையாது. செய்ய நேரம் வேண்டும் என்பதுதான் விஷயம்.

இதற்குமேல் மதிப்பீட்டுச் சுமை. டிப்ளமா மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பள்ளி ஆசிரியரே இட்டு, வெளித்தேர்வாளர் சரிபார்க்கிறார். இறுதித் தேர்வுக்கு முன்பே மாணவர் எவ்வளவு எடுப்பார் என்று ஆசிரியர் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல இடம் தருகின்றன. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பெற்றோர் அந்த எண்ணை உயர்த்தச் சொல்லி நெருக்கும்போது, நேர்மையான ஆசிரியருக்கு நிர்வாகம் துணை நிற்கிறதா என்பதே ஒரு பள்ளியின் தரத்துக்கு உரைகல்.

தமிழாசிரியரின் இடம்

இந்தப் பள்ளிகளில் தமிழாசிரியரின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைப் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக்கியது. 2014 அரசாணை அதை மற்ற வாரியப் பள்ளிகளை நோக்கியும் விரித்தது. ஆனால் சர்வதேசப் பள்ளியில் தமிழ் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் மொழிப் பட்டியலில் பிரெஞ்சோடும் ஸ்பானிஷோடும் போட்டிபோடுகிறது. வகுப்பில் நாலு பேர், ஆறு பேர். அவர்களிலும் ஒருவர் கோவையிலிருந்து வந்தவராகவும், இன்னொருவர் டொரன்டோவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையாகவும், மூன்றாமவர் எழுத்தே தெரியாத துபாய்த் தமிழராகவும் இருப்பார். மூவருக்கும் மூன்று பாடம் தயாரிக்க வேண்டும்.

ஐ.பி. திட்டத்தில், பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் மாணவர் தன் தாய்மொழி இலக்கியத்தைத் தானே படித்துத் தேர்வெழுத வழி இருக்கிறது. தமிழறிந்த ஆசிரியர் ஒருவர் துணைநின்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வழி எவ்வளவோ எளிதாகும். இதை முன்னெடுக்கும் பொறுப்பு தமிழாசிரியருக்கு உண்டு. அவரை மற்றத் துறை ஆசிரியர்களுக்கு இணையாக நடத்தும் பொறுப்பு பள்ளிக்கு உண்டு.

மணி அடித்த பிறகு

இனி இரண்டாவது வேலை. இந்த வட்டாரத்திலிருந்து மலைப்பள்ளிகளுக்குப் போனவர்கள் சொல்லும் நாள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கிறது.

காலை ஐந்தரைக்கு எழுப்பும் மணி. ஆறு மணிக்கு மைதானத்தில் தலை எண்ண வேண்டும். எட்டரையிலிருந்து மூன்றரை வரை வகுப்பு. பிறகு விளையாட்டு, அல்லது கிளப். ஆறரைக்குப் பிரெப் எனப்படும் மாலைப் படிப்பு, இரண்டு மணி நேரம். மெஸ்ஸில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பாடு. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. மூத்த மாணவர்களுக்குப் பத்தரை. கைப்பேசிகளை வாங்கிப் பூட்டி, கட்டில் கட்டிலாகப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது திருத்தாத நோட்டுகள் மேசையில் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் மாதத்து ஞாயிறு மாலைதான் கடினம். வீட்டுக்குப் போன் பேசி முடித்த அரைமணி நேரத்தில் முகம் மாறும். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிடும். வயிறு வலிக்கிறது என்று சொல்லும். உண்மையில் வயிற்றுவலியா, அம்மா நினைவா, அறையில் யாராவது சீண்டுகிறார்களா என்று அந்தச் சில நிமிடங்களில் அனுமானிக்க வேண்டும். மருந்து கொடுத்துப் படுக்கவைத்தால் மூன்றாவது காரணம் மறைந்துபோகும். துருவிக் கேட்டால் இரண்டாவது காரணம் அழுகையாக வெடிக்கும். ஹவுஸ் பேரன்ட் எனப்படும் விடுதிப் பொறுப்பாசிரியர் அனுபவமுள்ளவராக இருந்தால், அந்தப் பிள்ளையை ஏதாவது சின்ன வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்வார். “தம்பி, இந்த நோட்டை எல்லாம் அடுக்கிக் குடேன்” என்பார். அடுக்கிக்கொண்டே அது பேசத் தொடங்கும். இந்த நுட்பம் எந்த பி.எட். பாடத்திலும் கிடையாது. மூத்தவரைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வதுதான். மூத்தவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாறிக்கொண்டே இருந்தால் கற்றுக்கொடுக்க யார் இருப்பார்கள்?

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 24 பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்றால் 18 மணி நேரம். தயாரிப்புக்கும் திருத்துவதற்கும் இன்னொரு 18. விளையாட்டும் கிளப்பும் 5. மூன்று நாள் பிரெப் 6. வாரக்கடைசியில் ஒரு நாள் பொறுப்பு 10. மொத்தம் 57 மணி நேரம். இதில் விடுதியில் படுத்துறங்கும் இரண்டு இரவுகளைச் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றும் ஒன்பது மணி நேரம் என்று அதையும் சேர்த்தால் 75. உறங்கும் நேரம் வேலையாகுமா என்று கேட்கலாம். காய்ச்சலடிக்கும் பிள்ளை கதவைத் தட்டினால் எழ வேண்டும் என்ற கடமையோடு உறங்குவது தன் வீட்டில் உறங்குவதற்குச் சமமாகாது.

பேரிடர் வரும்போது இந்தக் கடமையின் முழு அளவு தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் சிக்கி நின்றது. அப்படியொரு நாளில் பகல்நேரப் பள்ளி ஆசிரியர் தன் வீட்டைக் காக்கலாம். விடுதிப் பொறுப்பில் இருப்பவர் வீட்டில் தண்ணீர் ஏறினாலும் பிள்ளைகளை விட்டு நகர முடியாது. நகரவும் கூடாது. அந்த நம்பிக்கையில்தான் பெற்றோர் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். விடுதிப் பள்ளி ஆசிரியரின் வீட்டில் இந்தப் பழமொழி நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகிறது. பண்டிகைக்குப் போனில் பேசும் பாட்டி, “ஊரான் பிள்ளையெல்லாம் பாக்கியே, நம்ம பிள்ளைய யாருய்யா பாக்கது?” என்று கேட்டால் அதற்குச் சுலபமான பதில் இல்லை. ஆசிரியரின் பிள்ளை அதே பள்ளியில் கட்டணமில்லாமலோ சலுகையிலோ படிக்கலாம். அது பெரிய பேறுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்பா எந்நேரமும் எல்லோருக்கும் சாராகவே இருக்கிறார். கூடப்படிப்பவர்கள் விடுமுறைக்குச் சுவிட்சர்லாந்து போகும்போது அது சொந்த ஊரான கருங்குளத்துக்குப் போகிறது. இந்த இடைவெளியைப் பேசிப் புரியவைக்கிற வேலையும் பெற்றோரையே சேர்கிறது.

சம்பளமும் சலுகையும்

‘தங்குமிடமும் உணவும் இலவசம்’ என்ற வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பள்ளி ஆசிரியரைத் தங்கவைப்பதே இரவிலும் அவர் தேவைப்படுவதால்தான். அந்த வீடு வேலைக்கான கருவி. அதைச் சம்பளத்தின் பகுதியாகக் கணக்குக் காட்டும்போது, இரண்டாவது வேலைக்கு உரிய ஊதியம் மறைந்துவிடுகிறது. வாடகையில்லாத வீட்டையும் பிள்ளையின் கட்டணச் சலுகையையும் வருமான வரிச் சட்டம் வருமானமாகக் கருதும் சந்தர்ப்பங்களும் உண்டு. வேலையில் சேரும்முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இருபது ஆண்டு வளாகத்து வீட்டிலேயே இருந்தவர் ஓய்வுபெறும் நாளில் சொந்தமாக ஒரு வீடு இல்லாமல் வெளியே வருவது இந்தத் தொழிலில் அடிக்கடி காணும் துயரம். வேலை போனால் அதே மாதம் வீடும் போகும், பிள்ளையின் பள்ளியும் போகும். மூன்றும் ஒரே கையில் இருப்பதால்தான் ஆசிரியர்கள் அநீதியைக் கண்டும் வாய்திறப்பதில்லை.

இன்னொரு ஏற்றத்தாழ்வும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியருக்கு ஓர் ஊதிய அட்டவணை, உள்ளூரில் எடுக்கும் ஆசிரியருக்கு வேறொன்று என்பது உலகெங்கும் சர்வதேசப் பள்ளிகளில் காணும் வழக்கம். விமானச் செலவு, குடும்பத்தைப் பிரிந்திருப்பதற்கான படி என்று ஒரு பகுதியை நியாயப்படுத்தலாம். ஒரே பாடம், ஒரே தகுதி, ஒரே பொறுப்பு என்று இருக்கும்போது அடிப்படைச் சம்பளமே பாஸ்போர்ட்டைப் பார்த்து மாறுவதை நியாயப்படுத்த வழியில்லை. மனிதர் எல்லாரும் சமம் என்று வகுப்பில் சொல்லும் பள்ளி, ஆசிரியர் அறையிலும் அதைக் காட்ட வேண்டும்.

சட்டம் தருவதும் தராததும்

இந்திய உச்ச நீதிமன்றம் 1988இல் சுந்தரம்பாள் வழக்கில், ஆசிரியர் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின்படி ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. கற்பித்தல் அறிவுப்பணி, அதைக் கூலிவேலையோடு சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். மதிப்பாகச் சொன்ன அந்தக் காரணத்தின் விளைவு கசப்பானது. நியாயமில்லாமல் நீக்கப்பட்ட ஓட்டுநர் தொழிலாளர் நீதிமன்றத்தை நாட முடிந்தது, ஆசிரியருக்கு அந்தக் கதவு அடைபட்டது.

பணிக்கொடையிலும் இதே கதை. ஆசிரியருக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று 2004இல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே பொருந்தும்படி ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று உறுதிசெய்தது. ஆகவே பணிக்கொடை தனியார் பள்ளி ஆசிரியரின் உரிமை. நிர்வாகம் மனமுவந்து தரும் அன்பளிப்பாக அதை எண்ணி யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வருங்கால வைப்புநிதியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் மாதம் 15,000 ரூபாய்க்கு மட்டும் 12 சதவீதம் கட்டுவதற்கு நிறுவனங்களுக்கு விதி இடம் தந்துவந்திருக்கிறது. முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் கட்டுகிறார்களா என்று கேட்பது தவறில்லை.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2018, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளைப் பதிவுசெய்யக் கோரும் தனிச்சட்டம் 2014இலேயே வந்துவிட்டது. 2022 ஜூலையில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் மாணவி இறந்ததும், அதைத் தொடர்ந்து அந்தப் பள்ளி தாக்கப்பட்டதும் தமிழ்நாட்டை உலுக்கின. விடுதிகள் முறையாகப் பதிவு பெற்றிருக்கின்றனவா என்ற கேள்வி அப்போதுதான் பொதுவெளியில் உரக்க எழுந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்கிறது. தயாரிப்பு நேரமும் அதில் அடக்கம். ஆனால் அது குறைந்தபட்சம். அதிகபட்சம் எவ்வளவு என்று எங்கும் இல்லை. பகல்நேரப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. மாலையில் வீட்டுக்குப் போகிற ஆசிரியருக்கு உச்சவரம்பு தேவைப்படவில்லை. வீடும் பள்ளியும் ஒன்றாகிப்போன ஆசிரியருக்கு அது இல்லாமல் முடியாது.

பிள்ளையின் பாதுகாப்பு

ஆசிரியரின் ஓய்வும் பிள்ளையின் பாதுகாப்பும் தனித்தனி விஷயங்கள் என்று நினைப்பது தவறு. போக்சோ சட்டம் 2012, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் தண்டனை. பள்ளியின் பெயரைக் காப்பதற்காக ‘உள்ளுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று எந்த நிர்வாகி சொன்னாலும் ஆசிரியரின் சட்டக் கடமை மாறாது. ஆனால் வேலை, வீடு, பிள்ளையின் படிப்பு மூன்றும் அந்த நிர்வாகியின் கையில் இருக்கும்போது, கடமையைச் செய்ய எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிகளுக்கென்றே அரசு வகுத்த குறைந்தபட்சத் தரவிதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விடுதிக் கட்டடத்திலும் பொறுப்புள்ள பெரியவர் ஒருவராவது இரவில் தங்க வேண்டும், அவர் யார், அவரை எப்படி அழைப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது வரை அவை போகின்றன. ஆய்வாளர்கள் வந்து பார்த்து அறிக்கையை வெளியிடுகிறார்கள். இந்தியாவில் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கல்வி நிறுவன விடுதிகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. வழிகாட்டுதலுக்கும், வந்து பார்த்து அறிக்கை வெளியிடும் நடைமுறைக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

உறக்கம் கெட்ட ஆசிரியர் பிள்ளையின் முகத்தில் மாற்றத்தைக் கவனிக்கமாட்டார். பேணல் பயிற்சி பெறாதவர், ஒழுங்கு என்றால் மிரட்டல் என்று நினைப்பார். பெரியவர்கள் குறைவாக இருக்கும் விடுதியில் மூத்த மாணவர்களே அதிகாரிகளாகி இளையவர்களை ஆட்டிவைப்பார்கள். விடுதிகளில் நடக்கும் கொடுமைகள் பலவற்றின் அடியில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

செய்ய வேண்டியவை

இந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆந்திரத்தில் ரிஷி வேலிப் பள்ளி பல பத்தாண்டுகளாகக் காட்டிவருவதுபோல, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாழும் கல்வியில் வேறெங்கும் கிடைக்காத ஆழம் உண்டு. மலைப்பள்ளியில் ஐந்தாண்டு உழைத்தவர் உலகின் எந்த நாட்டு வகுப்பறையிலும் தயங்காமல் நிற்பார். தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களிலிருந்து மாலத்தீவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் ஆசிரியராகப் போன முன்னோடிகளின் தொடர்ச்சி இது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும்.

போகிறவர், கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை. வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எத்தனை பிரெப், எத்தனை இரவு. வாரத்தில் முழுதாக எந்த நாள் ஓய்வு, அந்த நாளில் வளாகத்தைவிட்டு வெளியே போகலாமா. வைப்புநிதி எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படும். வேலை முடிந்தால் வீட்டைக் காலிசெய்ய எத்தனை நாள் அவகாசம். கல்வியாண்டின் நடுவில் விலக நேர்ந்தால் பிள்ளையின் படிப்பு என்னாகும். சான்றிதழ்களின் அசலை யாரிடமும் ஒப்படைக்கவே கூடாது.

பள்ளிகள் செய்ய வேண்டியது, விடுதிப் பணியைத் தனிப் பணியாக ஏற்று, அதற்குத் தனிப் படியும், அதற்கேற்பக் குறைந்த பாடவேளையும், ஆண்டுதோறும் பயிற்சியும் தருவது. இரவுப் பொறுப்பு முடிந்த மறுநாள் காலை முதல் இரண்டு பாடவேளைகளை விடுவிப்பதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது. பெற்றோரும் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வரும்போது நீச்சல்குளத்தைப் பார்த்ததோடு திரும்பாமல், ‘என் பிள்ளையின் விடுதியில் இரவில் யார் இருப்பார், அவர் இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறார்’ என்று கேட்க வேண்டும். ஆசிரியர் நிலைத்து நிற்கும் பள்ளியே பிள்ளைக்குப் பாதுகாப்பான பள்ளி.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. விடுதிப் பள்ளி ஆசிரியருக்கு வார வேலைநேரத்தின் உச்சவரம்பையும் கட்டாய ஓய்வுநாளையும் விதியாக்க வேண்டும். விடுதிகளை ஆய்வுசெய்யும் அதிகாரி தலையணைகளை எண்ணுவதோடு நில்லாமல், பொறுப்பு அட்டவணையை வாங்கிப் பார்த்து, ஆசிரியரிடமும் மாணவரிடமும் தனியே பேசி, அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும்.

சாயர்புரத்திலும் நாசரேத்திலும் இடையன்குடியிலும் போர்டிங்குகள் எழுந்தபோது ஆசிரியரின் உழைப்புக்குக் கணக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கொடுப்பதற்கு அந்தப் பள்ளிகளிடம் பணமும் இல்லை. இன்று லட்சங்களில் கட்டணம் வாங்கும் பள்ளிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஊரார் பிள்ளைகளை இராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியருக்கு, தன் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட வாரத்தில் சில மாலைகளாவது எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும். அடுத்த கல்வியாண்டுக்கான ஒப்பந்தங்களிலேயே இதைத் தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை எந்தப் பள்ளியும் காத்திருக்க வேண்டியதில்லை.